ரயில் தாமதமா, ரத்தா? டிக்கெட் பணத்தையும் இழப்பீட்டையும் கேட்டு வாங்குவது எப்படி

வண்டி நான்கு மணி நேரம் தாமதம் என்று ஒலிபெருக்கியில் சொல்கிறார்கள். சிலர் புலம்பிக்கொண்டே காத்திருக்கிறார்கள். சிலர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் பிடிக்க ஓடுகிறார்கள். ஓடியவர்களில் பலர் மறுநாள் நிதானமாக உட்கார்ந்து ரயில் டிக்கெட் பணத்தைத் திரும்பக் கேட்டுப் பார்ப்பார்கள். அதற்குள் காலம் கடந்திருக்கும். கட்டணத்தில் ஒரு ரூபாய்கூடப் பிடிக்காமல் முழுப் பணமும் கிடைத்திருக்க வேண்டியவர்கள் அவர்கள். வண்டி அந்த நிலையத்தை விட்டுக் கிளம்புவதற்கு முன் கைபேசியில் ஐந்து நிமிடம் செலவழித்திருந்தால் போதும்.

அந்த ஐந்து நிமிடத்தை யாரும் தவறவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். இந்திய ரயில்வேயில் பணம் திரும்பக் கிடைக்குமா என்பதைப் பெரும்பாலும் கடிகாரம்தான் முடிவு செய்கிறது. உங்கள் பக்கம் எவ்வளவு நியாயம் இருந்தாலும், நேரம் தவறினால் மனு தள்ளுபடியாகிவிடும்.

ரீஃபண்ட் வேறு, இழப்பீடு வேறு

முதலில் இதைப் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். டிக்கெட்டுக்குக் கொடுத்த பணம் திரும்ப வருவது ரீஃபண்ட். தாமதத்தால் உங்களுக்கு ஏற்பட்ட நஷ்டத்துக்கும் அலைச்சலுக்கும் மேற்கொண்டு கிடைக்கும் தொகை இழப்பீடு.

ரீஃபண்டுக்கு ரயில்வேயின் விதிகள் இருக்கின்றன. 2015 நவம்பர் 12 முதல் நடைமுறையில் உள்ள டிக்கெட் ரத்து மற்றும் கட்டணம் திருப்பித் தரும் விதிகள்தான் அதற்கு அடிப்படை. அவற்றின்படி, தாமதமான வண்டியில் நீங்கள் பயணம் செய்யாமல் விட்டால்தான் பணம் திரும்பும். பத்து மணி நேரம் தாமதமாக வந்த வண்டியில் ஏறி ஊர் போய்ச் சேர்ந்துவிட்டால், அந்தத் தாமதத்துக்காக ரயில்வே தானாக எதுவும் தராது. ரயில்வேயின் இணைய டிக்கெட் நிறுவனமான ஐஆர்சிடிசி நடத்திய தேஜஸ் வண்டிகளில் மட்டும் ஒரு காலத்தில் விதிவிலக்கு இருந்தது. லக்னோ - டெல்லி தேஜஸ் 2019இல் தொடங்கியபோது, 1 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் 100 ரூபாய், 2 மணி நேரத்துக்கு மேல் போனால் 250 ரூபாய் என்று கொடுத்தார்கள். அந்தத் திட்டமும் 2024 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டுவிட்டது.

டிக்கெட் எடுக்கும்போது சில பைசாவுக்குச் சேர்த்துக்கொள்ளும் பயணக் காப்பீடு தாமதத்துக்கும் உதவும் என்று சிலர் நினைக்கிறார்கள். உதவாது. விபத்தில் உயிரிழப்பு, ஊனம், மருத்துவமனைச் செலவு ஆகியவற்றுக்கானது அது.

அப்படியானால் இழப்பீடு கிடைக்கவே கிடைக்காதா? கிடைக்கும். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டும். அந்தப் பாதையைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன். முதலில் ரீஃபண்ட்.

மூன்று மணி நேர விதி

நீங்கள் ஏற வேண்டிய நிலையத்திலிருந்து வண்டி புறப்பட வேண்டிய நேரத்தை விட 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், பயணம் வேண்டாம் என்று முடிவு செய்து முழுப் பணத்தையும் கேட்கலாம். ரத்துக் கட்டணம் பிடிக்க மாட்டார்கள். உறுதியான டிக்கெட், ஆர்ஏசி (படுக்கை உறுதியாகாமல் இருக்கை மட்டும் கிடைத்த டிக்கெட்), வெயிட்டிங் லிஸ்ட் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். முழுக்க வெயிட்டிங் லிஸ்ட்டிலேயே நின்றுபோன இ-டிக்கெட் என்றால், பயணிகளின் இறுதிப் பட்டியலான சார்ட் தயாரானதும் தானாகவே ரத்தாகிப் பணம் திரும்பிவிடும். அதற்காக நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை.

விதி எளிமையாகத் தெரிந்தாலும் மூன்று இடங்களில் ஆட்கள் தடுக்கி விழுகிறார்கள்.

முதல் இடம், தாமதத்தை எங்கே அளப்பது என்பது. நீங்கள் ஏறும் நிலையத்தில்தான் அளப்பார்கள். உங்கள் ஊரிலிருந்து நேரத்துக்குக் கிளம்பி, வழியில் ஐந்து மணி நேரம் நின்று, சேர வேண்டிய ஊருக்கு விடிந்தபின் போய்ச் சேர்ந்தால் இந்த விதி உதவாது. தட்கல் டிக்கெட்டில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. டிக்கெட்டை ஓர் ஊரிலிருந்து எடுத்துவிட்டு, ஏறும் இடத்தை வேறு நிலையமாக மாற்றியிருந்தால், டிக்கெட்டில் பயணம் தொடங்கும் நிலையத்தின் தாமதம்தான் கணக்கு. தட்கல் என்றாலே பணம் திரும்பாது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அது நாமாக ரத்து செய்யும்போதுதான். 3 மணி நேரத்துக்கு மேல் தாமதம், வழி மாற்றம் போன்றவற்றில் தட்கலுக்கும் முழுப் பணம் உண்டு.

இரண்டாவது, எப்போது கேட்பது என்பது. வண்டி உங்கள் நிலையத்திலிருந்து உண்மையில் புறப்படுவதற்கு முன் கேட்டாக வேண்டும். கிளம்பிய பிறகு கேட்டால் கதவு மூடிவிடும்.

மூன்றாவது இடம்தான் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. செயலியில் ‘3 மணி 20 நிமிடம் தாமதம்’ என்று காட்டுவது ஒரு கணிப்பு மட்டுமே. ஓட்டத்தில் நேரத்தை ஈடுகட்டி வண்டி 2 மணி 50 நிமிடத் தாமதத்தில் வந்துவிடக் கூடும். ரயில்வே பார்ப்பது தன் பதிவேட்டில் உள்ள உண்மையான புறப்பாட்டு நேரத்தை. இரவு 9 மணிக்குக் கிளம்ப வேண்டிய வண்டி 11.50க்கே கிளம்பிவிட்டால், 10 மணிக்கே மனு போட்டுவிட்டு வீட்டுக்குப் போனவருக்கு வண்டியும் இல்லை, பணமும் இல்லை. அதனால் அவசரப்பட வேண்டாம். 12 மணி தாண்டட்டும், வண்டி இன்னும் வரவில்லை என்பது உறுதியாகட்டும், அப்போது மனுவைப் போடுங்கள். வண்டி தொடங்கும் நிலையத்திலேயே நீங்கள் ஏறுபவர், புறப்படும் நேரத்தையே 4 மணி நேரம் தள்ளிவைத்துவிட்டதாகக் குறுஞ்செய்தி வந்திருக்கிறது என்றால் மட்டும் முன்கூட்டியே துணிந்து முடிவெடுக்கலாம்.

இ-டிக்கெட்டுக்கு டிடிஆர் போடும் முறை

இ-டிக்கெட் வைத்திருப்பவர் போட வேண்டிய மனுவுக்குப் பெயர் டிடிஆர் (TDR), அதாவது ‘டிக்கெட் டெபாசிட் ரெசீப்ட்’. இங்கே ஓர் எச்சரிக்கை: பதற்றத்தில் ‘ரத்து’ பொத்தானை அழுத்திவிடாதீர்கள். அது சாதாரண ரத்து. அதற்குரிய பிடித்தம் எல்லாம் வந்து சேரும். தாமதத்துக்காகப் பணம் கேட்கும் வழி டிடிஆர் மட்டுமே.

1. தேசிய ரயில் விசாரணை அமைப்பின் தளத்திலோ செயலியிலோ வண்டி எண்ணைப் போட்டு, உங்கள் நிலையத்தில் எவ்வளவு தாமதம் என்று பாருங்கள். நேரமும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். நிலையத்தில் இருந்தால் அறிவிப்புப் பலகையையும் ஒரு படம் எடுங்கள்.

2. எந்தக் கணக்கில் டிக்கெட் எடுத்தீர்களோ அந்த ஐஆர்சிடிசி கணக்கில் நுழையுங்கள். தளத்தில் ‘மை அக்கவுன்ட்’, அதில் ‘மை டிரான்ஸாக்‌ஷன்ஸ்’, அதற்குள் ‘ஃபைல் டிடிஆர்’ என்று இருக்கும். செயலியிலும் இதே வசதி உண்டு.

3. பிஎன்ஆரை (டிக்கெட்டின் முன்பதிவு எண்) தேர்ந்தெடுத்துவிட்டுக் காரணங்களின் பட்டியலைப் பொறுமையாகப் படியுங்கள். தாமதம் என்றால் ‘வண்டி 3 மணி நேரத்துக்கு மேல் தாமதம், பயணி பயணம் செய்யவில்லை’ என்ற பொருளில் உள்ள வரியைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ‘பயணி பயணம் செய்யவில்லை’ என்று மட்டும் ஒரு வரி தனியாக இருக்கும். அதைத் தொடாதீர்கள். நீங்களாகவே போகாமல் விட்டதாக அது அர்த்தமாகிவிடும்.

4. டிக்கெட்டில் உள்ள எல்லாப் பயணிகளையும் தேர்வு செய்யுங்கள். நான்கு பேரில் இரண்டு பேர் அதே வண்டியில் போகிறார்கள் என்றால் அது வேறு வகை மனு. யார் பயணம் செய்யவில்லை என்பதற்கு வண்டியில் டிடிஇ (டிக்கெட் பரிசோதகர்) தரும் சான்றிதழ் வேண்டியிருக்கும். போகிறவர்கள் அதை மறக்காமல் கேட்டு வாங்க வேண்டும்.

5. மனு பதிவானதற்கான திரையையும் படம் எடுத்து வையுங்கள். அதில் தெரியும் நேரம் வண்டி கிளம்பிய நேரத்துக்கு முன்னால் இருப்பதுதான் உங்கள் சாட்சி.

டிடிஆர் போட்ட பிறகு அந்த வண்டியில் ஏறக் கூடாது. ஏறினால் மனு செல்லாது.

ஐஆர்சிடிசி இந்த மனுவைச் சம்பந்தப்பட்ட ரயில்வே மண்டலத்துக்கு அனுப்பிவைக்கும், அவ்வளவுதான். முடிவெடுப்பது மண்டலம். அதனால் பணம் வர வாரக்கணக்கில் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். ‘டிடிஆர் ஹிஸ்டரி’ பகுதியில் நிலையைப் பார்த்துக்கொண்டே இருங்கள். எந்தக் கணக்கிலிருந்து கட்டினீர்களோ அதே கணக்குக்குத்தான் திரும்பும். ஐஆர்சிடிசி தனியாக எடுக்கும் வசதிக் கட்டணம் மட்டும் திரும்பாது.

ஏஜென்ட் மூலம் எடுத்தவர்கள் அவர் மூலமாகவே மனு போட வேண்டும். பணமும் அவர் கணக்குக்குத்தான் வரும். வந்ததும் தொகையோடு ஓர் ஓடிபி பயணியின் கைபேசிக்கு வரும். அதை ஏஜென்ட்டிடம் சொல்லித் தொகையை வாங்கிக்கொள்ள வேண்டும். இதனால்தான், ஏஜென்ட் தன் எண்ணைப் போட விடாமல் உங்கள் எண்ணையே டிக்கெட்டில் போடச் சொல்லுங்கள் என்கிறேன். வண்டி தள்ளிவைப்பு, ரத்து பற்றிய செய்திகளும் அந்த எண்ணுக்குத்தான் வரும். மற்றபடி, ரீஃபண்ட் தருகிறோம் என்று யாராவது தொலைபேசியில் அழைத்து ஓடிபியோ கார்டு விவரமோ கேட்டால் உடனே துண்டித்துவிடுங்கள். பணம் வந்து சேர அவை எதுவும் தேவையில்லை.

கவுன்ட்டரில் எடுத்த டிக்கெட்

இதற்கு நேரில்தான் போக வேண்டும். தாமதம் 3 மணி நேரத்தைத் தாண்டியதும், வண்டி கிளம்புவதற்கு முன் அந்த நிலையத்தின் முன்பதிவு கவுன்ட்டரில் டிக்கெட்டைக் கொடுத்தால் பணம் தருவார்கள். கவுன்ட்டர் மூடியிருந்தால் சும்மா திரும்பிவிடாதீர்கள். ஸ்டேஷன் மாஸ்டரிடம் போய் டிக்கெட்டை ஒப்படைத்து, டிடிஆர் ரசீது கேட்டு வாங்குங்கள். கிளம்புவதற்கு முன்பே நீங்கள் ஒப்படைத்தீர்கள் என்பதற்கு அந்தத் தாள்தான் ஆதாரம். அதை வைத்து 10 நாட்களுக்குள் மண்டலத்தின் தலைமை வணிக மேலாளர் அலுவலகத்தில் உள்ள ரீஃபண்ட் பிரிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பத்தையும் ரசீதையும் நகலெடுத்து வைத்துக்கொண்டு பதிவுத் தபாலில் அனுப்புவது நல்லது.

வண்டியே ரத்தானால்

ரத்தில் இ-டிக்கெட்காரர்களுக்கு வேலை குறைவு. வண்டி முழுவதுமாக ரத்து என்று கணினியில் ஏறிவிட்டால், டிக்கெட்டும் தானாக ரத்தாகி முழுக் கட்டணமும் திரும்பிவிடும். டிடிஆர் வேண்டாம். கவுன்ட்டர் டிக்கெட் என்றால், புறப்பட வேண்டிய நேரத்திலிருந்து 3 நாட்களுக்குள் கவுன்ட்டரில் கொடுத்துப் பணத்தை வாங்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பேசின் பிரிட்ஜுக்கும் வியாசர்பாடிக்கும் நடுவில் பாலத்தில் தண்ணீர் ஏறி, சென்னை சென்ட்ரலிலிருந்து கிளம்ப வேண்டிய பல வண்டிகள் ரத்தாயின. அப்படிப்பட்ட நாட்களில் வீட்டை விட்டுக் கிளம்பவே முடியாது. கவுன்ட்டர் டிக்கெட் வைத்திருப்பவர்கள் அந்த மூன்று நாள் கணக்கை மறந்துவிடக் கூடாது.

சிக்கல் வருவது பகுதி ரத்தில். வண்டி ஓடுகிறது, ஆனால் உங்கள் ஊர் வரை வரவில்லை, அல்லது உங்கள் ஊரிலிருந்து கிளம்பாமல் இரண்டு நிலையம் தள்ளிக் கிளம்புகிறது. கணினியைப் பொறுத்தவரை வண்டி ரத்தாகவில்லை. அதனால் பணம் தானாக வரும் என்று காத்திருந்தால் ஏமாந்துபோவீர்கள். டிடிஆர் போட்டாக வேண்டும். வழி மாற்றப்பட்ட வண்டிக்கும் இதேதான்: மாற்று வழியில் போக விருப்பமில்லை, ஏறும் நிலையத்தை வண்டி தொடவில்லை, இறங்கும் நிலையத்தைத் தொடவில்லை என்று மூன்று தனித்தனிக் காரணங்கள் பட்டியலில் இருக்கும். உங்களுக்குப் பொருந்துவதைத் தேர்ந்தெடுங்கள். இதற்கான கெடு, வண்டி உங்கள் நிலையத்திலிருந்து புறப்பட வேண்டிய நேரத்திலிருந்து 72 மணி நேரம்.

பாதி வழியில் நின்றுவிட்டால்

2023 டிசம்பர் 17 இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னை எழும்பூருக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ், வெள்ளத்தில் தண்டவாளத்தின் அடிமண் அரித்துப்போனதால் ஸ்ரீவைகுண்டத்திலேயே நின்றுவிட்டது. சுமார் 800 பயணிகள். மீட்கப்பட்டவர்கள் வாஞ்சி மணியாச்சியிலிருந்து சிறப்பு ரயிலில் சென்னைக்கு அனுப்பப்பட்டார்கள். இத்தகைய நேரத்தில் உயிரும் உணவும்தான் முதல் கவலை. டிக்கெட் பணம் பிறகுதான். ஆனால் விதி என்ன சொல்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

வண்டி பாதியில் நின்றுவிட்டது, உங்களைச் சேர வேண்டிய ஊருக்குக் கொண்டுபோக ரயில்வே எந்த மாற்று ஏற்பாடும் செய்யவில்லை என்றால், நீங்கள் பயணம் செய்த தூரத்துக்கும் சேர்த்து முழுக் கட்டணமும் திரும்ப வேண்டும். வேறு வண்டியோ வேறு வழியோ ஏற்பாடு செய்தார்கள், நீங்கள்தான் வேண்டாம் என்று விலகிக்கொண்டீர்கள் என்றால், பயணம் செய்யாத தூரத்துக்கான பணம் மட்டும். அதனால் மாற்று ஏற்பாடு உண்டா இல்லையா என்பதை அங்கேயே ஸ்டேஷன் மாஸ்டரிடமோ டிடிஇயிடமோ தெளிவாகக் கேளுங்கள். கவுன்ட்டர் டிக்கெட்டை அந்த நிலையத்திலேயே ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். இ-டிக்கெட் என்றால் ‘வண்டி சேரிடத்துக்கு முன்பே நிறுத்தப்பட்டது’ என்ற காரணத்தில் டிடிஆர் போடுங்கள். சேர வேண்டிய ஊருக்கு வண்டி போயிருக்க வேண்டிய நேரத்திலிருந்து 72 மணி நேரம் அவகாசம் உண்டு.

முதல் வண்டி தாமதமாகி அடுத்த வண்டி போய்விட்டால்

இரண்டு வண்டி மாறிப் போகிறவர்களுக்கு 2019 ஏப்ரல் 1 முதல் ஒரு நல்ல வசதி இருக்கிறது. இரண்டு டிக்கெட்டுகளின் பிஎன்ஆர்களையும் ஒன்றோடொன்று இணைத்துக்கொள்ளலாம். இரண்டிலும் பயணிகளின் விவரம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். முதல் வண்டி போய்ச் சேரும் நிலையமும் இரண்டாவது வண்டி ஏறும் நிலையமும் பொருந்த வேண்டும். முதல் வண்டியின் தாமதத்தால் இரண்டாவதைத் தவறவிட்டால், இரண்டாவது டிக்கெட்டின் பணம் பிடித்தமில்லாமல் திரும்பும். முதல் வண்டி உண்மையில் வந்து சேர்ந்ததிலிருந்து 3 மணி நேரத்துக்குள் கேட்க வேண்டும்.

இணைக்காமல் தனித்தனியாக எடுத்திருந்தால் இந்த உரிமை இல்லை. ரயில்வேயின் கண்ணில் அவை சம்பந்தமில்லாத இரண்டு பயணங்கள். டிக்கெட் எடுக்கும் நாளில் செய்ய வேண்டிய வேலை இது.

தாமதமான வண்டியில் ஏசியும் ஓடாமல் போவது உண்டு. அப்போது டிடிஇயிடம் சான்றிதழ் வாங்கி, வண்டி சேர்ந்ததிலிருந்து 20 மணி நேரத்துக்குள் டிடிஆர் போட்டால், ஏசி ஓடாத தூரத்துக்குக் கட்டண வித்தியாசம் கிடைக்கும். சான்றிதழ் இல்லாமல் இந்த மனு நிற்காது.

மனு தள்ளுபடியானால்

முதலில் ரயில்வேயின் புகார்த் தளமான ‘ரயில் மதத்’ (Rail Madad) தளத்திலோ 139 எண்ணிலோ புகார் பதிவு செய்து, புகார் எண்ணை எழுதி வையுங்கள். அதில் சரியாகாவிட்டால் மத்திய அரசின் பொதுக் குறைதீர்ப்புத் தளத்தில் ரயில்வே அமைச்சகத்தைத் தேர்ந்தெடுத்து எழுதலாம். எழுதும்போது கோபத்தைக் கொட்ட வேண்டாம். பிஎன்ஆர், வண்டி எண், புறப்பட வேண்டிய நேரம், புறப்பட்ட நேரம், டிடிஆர் போட்ட நேரம் ஆகிய ஐந்தையும் முதல் நான்கு வரிகளுக்குள் கொண்டுவந்துவிடுங்கள். படிக்கிற அதிகாரி பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் வசதி.

கூடவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி ஒரு மனு போடுங்கள் என்பது என் அழுத்தமான பரிந்துரை. இன்ன தேதியில் இன்ன வண்டி இந்த நிலையத்திலிருந்து எத்தனை மணிக்குப் புறப்பட்டது, தாமதத்துக்குப் பதிவேட்டில் என்ன காரணம் எழுதப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். ரயில்வே தன் கையால் எழுதித் தரும் அந்தப் பதில், ஸ்கிரீன்ஷாட்டை விடப் பல மடங்கு பலமானது.

பிரச்சினை டிக்கெட் கட்டணம் மட்டும்தான் என்றால், சட்டப்படி அதை விசாரிக்கும் இடம் ரயில்வே உரிமைகோரல் தீர்ப்பாயம். சென்னையிலும் அதன் அமர்வு உண்டு.

இழப்பீட்டுக்கு நுகர்வோர் ஆணையம்

தாமதத்தால் விமானம் போனது, முன்பதிவு செய்த அறை வீணானது, வேறு வண்டிக்குப் பெருந்தொகை கொடுக்க வேண்டி வந்தது என்று உண்மையான நஷ்டம் இருந்தால் இந்த வழி. வண்டியில் பயணம் செய்திருந்தாலும் வழக்குப் போடலாம்.

இதற்கு வலுவான துணை, உச்ச நீதிமன்றம் 2021 செப்டம்பர் 6 அன்று சொன்ன தீர்ப்பு. 2016 ஜூனில் அஜ்மீர் - ஜம்மு எக்ஸ்பிரஸில் ஒருவர் குடும்பத்தோடு போனார். காலை 8.10க்கு ஜம்மு சேர வேண்டிய வண்டி பகல் 12 மணிக்குச் சேர்ந்தது. ஸ்ரீநகர் விமானத்தைத் தவறவிட்டுவிட்டார்கள். டாக்சியில் போனார்கள். அல்வார் மாவட்ட நுகர்வோர் மன்றத்தில் வழக்குப் போட்டார். டாக்சிக்கு 15,000 ரூபாய், முன்பதிவுச் செலவுக்கு 10,000 ரூபாய், மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் தலா 5,000 ரூபாய் என்று உத்தரவானது. ரயில்வே ஒவ்வொரு படியாக மேல்முறையீடு செய்து உச்ச நீதிமன்றம் வரை போனது. வண்டி தாமதமானால் தாங்கள் பொறுப்பல்ல என்று தங்கள் கட்டண விதியிலேயே இருக்கிறது என்று வாதிட்டது. நீதிமன்றம் ஏற்கவில்லை. தாமதம் தன் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட காரணத்தால் நேர்ந்தது என்று ரயில்வே விளக்கி நிரூபிக்க வேண்டும், இல்லாவிட்டால் அது சேவைக் குறைபாடு, இழப்பீடு தந்தாக வேண்டும் என்பதே தீர்ப்பு.

நிரூபிக்கும் சுமை ரயில்வேயின் தோளில் இருக்கிறது என்பதை இதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளம், புயல், போராட்டம் என்றால் அவர்களால் எளிதில் நிரூபித்துவிட முடியும்; அத்தகைய தாமதத்துக்கு வழக்குப் போட்டு அலைய வேண்டாம் என்றுதான் சொல்வேன். தகவல் அறியும் மனுவில் காரணத்தைக் கேட்கச் சொன்னது இதற்காகவும்தான்.

வழக்குப் போடுவது நினைப்பது போலக் கடினமில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே போடலாம். வண்டி நின்ற ஊருக்குப் போக வேண்டாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. ரயில் டிக்கெட் அதற்குள் அடங்கிவிடும். தாமதம் நடந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் போட வேண்டும். நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தபடியே தாக்கல் செய்யலாம். வக்கீல் கட்டாயமில்லை. போடுவதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பாருங்கள். சில சமயம் அங்கேயே சமரசமாகிவிடும்.

வழக்குக்கு முன் மண்டலப் பொது மேலாளருக்கு ஒரு நோட்டீஸ் அனுப்பி, 15 நாளோ 30 நாளோ அவகாசம் கொடுங்கள். மனுவோடு டிக்கெட், தாமதத்தின் ஆதாரம், தகவல் அறியும் மனுவின் பதில், தவறிய விமானத்தின் டிக்கெட், டாக்சி ரசீது, அறை முன்பதிவு ரசீது எல்லாவற்றையும் சேருங்கள். ரசீது இல்லாத செலவைக் கேட்டு வாங்குவது கடினம். அதனால் அவசரத்தில் டாக்சி பிடிக்கும்போதும் ரொக்கமாகக் கொடுக்காமல் யுபிஐயில் கொடுங்கள். தொகையைப் பொய்யாக ஏற்றவும் வேண்டாம். 8,000 ரூபாய் நஷ்டத்துக்கு 5 லட்சம் கேட்டால், உண்மையான நஷ்டத்தின் மீதும் சந்தேகம் விழும். இன்னொன்று: அந்த விமானத்துக்கும் வண்டிக்கும் இடையில் நியாயமான இடைவெளி விட்டிருந்தீர்களா என்று ஆணையம் கேட்கலாம். ஜம்மு வழக்கில் கிட்டத்தட்ட நான்கு மணி நேரம் இருந்தது.

நோட்டீஸ் கிடைத்த பிறகு எதிர்த்தரப்பு பதில் தர 30 நாள், மேலும் 15 நாள் நீட்டிப்பு, அதற்கு மேல் கிடையாது. உத்தரவில் திருப்தி இல்லாவிட்டால் 45 நாட்களுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். உத்தரவு உங்களுக்குச் சாதகமாக வந்தும் பணம் வரவில்லை என்றால், அதே மாவட்ட ஆணையத்தில் நிறைவேற்று மனு போடுங்கள். உத்தரவை மதிக்காதவர்களுக்கு அபராதமும் சிறையும் விதிக்க அந்த ஆணையத்துக்கே அதிகாரம் இருக்கிறது.